சபரி ஆற்றைக் கடந்தவர்கள்

விருதுநகரில் வத்தலும் புளியும் வாங்கி விற்கிற குடும்பம் எங்களுடையது. தை பிறந்தால் தெலங்கானாவின் கம்மம் மார்க்கெட்டுக்குத் தேஜா ரக மிளகாய் வத்தல் வரத்து ஆரம்பித்துவிடும். நான் அங்கே போய்ச் சரக்கு பார்த்து வருவேன். புளிக்கு ஜகதல்பூர். தமிழ்நாட்டுச் சமையலறைகளில் கரைகிற புளியில் கணிசமானது சத்தீஸ்கரின் பஸ்தர் மரங்களில் காய்த்தது என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். இந்த இரண்டு சந்தைகளுக்கும் நடுவில் இருக்கும் காட்டுப் பகுதியில் இருபது வருடமாக ஊரை இழந்து வாழும் பழங்குடி மக்களைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

தெலங்கானாவின் முலுகு, பத்ராத்ரி கொத்தகூடம் மாவட்டங்களில் கோதாவரியை ஒட்டிய மிளகாய்க் காடுகளில் பழம் பறிப்பவர்களில் நிறையப் பேர் சத்தீஸ்கர்க்காரர்கள். சிலர் பறிப்புக் காலத்துக்கு மட்டும் வந்து போகிறவர்கள். மற்றவர்கள் இந்தப் பக்கமே தங்கிவிட்டவர்கள். தார் ரோட்டிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, காப்புக்காட்டின் ஓரத்தில், மண் பூசிய மூங்கில் தட்டியும் ஓலைக் கூரையுமாக இருபது முப்பது வீடுகள் இருக்கும். பல இடங்களில் மின்சாரம் கிடையாது. தண்ணீருக்கு ஓடையில் தோண்டிய ஊற்று. உள்ளூர்க்காரர்கள் இவர்களைக் குத்தி கோயா என்கிறார்கள். சொந்த மாநிலத்தில் இவர்கள் முரியா கோண்டுகள், பட்டியலில் இடம்பெற்ற பழங்குடிகள்.

கூலிக்காக வந்தவர்கள் என்றுதான் மார்க்கெட்டில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு மிளகாய் கொடுக்கும் ஒரு விவசாயியோடு கூலி பட்டுவாடாவுக்காக அப்படி ஒரு குடியிருப்புக்குப் போயிருந்தபோது, எனக்குத் தெரிந்த மார்க்கெட் தெலுங்கில் அங்கிருந்த ஒரு பெரியவரிடம் பேசினேன். அவருக்கும் அரைகுறைத் தெலுங்குதான். அவருடைய சொந்த ஊர் சத்தீஸ்கரின் தென்கோடியில், கோண்டாவுக்கு வடக்கே. நிலம் இருந்ததா என்று கேட்டேன். நிலம் இருந்தது, மாடு இருந்தது என்று சொல்லிவிட்டு, அப்புறம் புளியமரங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். எந்த மரம் அப்பா வழியில் வந்தது, எது அண்ணன் பங்கு, எதில் புளி சதைப்பற்றாக இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பஸ்தரில் புளியும் இலுப்பைப் பூவும் பீடி இலையும்தான் வீட்டுக்குக் கையில் காசு வரும் வழிகள். மரம் என்பது சொத்து, பாகம் பிரித்துக் கொடுக்கிற சொத்து. புளி வாங்கி விற்கிற எனக்கு அது புரிந்தது. வேலை தேடி வந்தவர்கள் என்ற சொல் இவர் விஷயத்தில் சுத்தமாகப் பொருந்தவில்லை என்பதும் புரிந்தது.

என்ன நடந்தது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று உரிமை பற்றிய வாதம் எல்லாமே அதில்தான் நிற்கிறது.

2005 ஜூனில், அப்போது தண்டேவாடா மாவட்டத்தில் இருந்த பிஜாப்பூர் பகுதியில், மாவோயிஸ்டுகளுக்கு எதிரான கூட்டங்களும் ஊர்வலங்களும் தொடங்கின. அதற்குச் சல்வா ஜுடும் என்று பெயர். முன்னின்று நடத்தியவர் மகேந்திர கர்மா, காங்கிரஸ்காரர், சத்தீஸ்கர் சட்டமன்ற எதிர்க்கட்சித் தலைவர். முழு ஆதரவு கொடுத்தது ரமன் சிங் தலைமையிலான பாரதிய ஜனதா அரசு. மத்தியில் இருந்தது காங்கிரஸ் கூட்டணி ஆட்சி. இந்த ஏற்பாட்டில் சேர்க்கப்பட்ட சிறப்புக் காவலர்களின் ஊதியத்துக்கு அங்கிருந்தும் பணம் போனது. எந்த ஒரு கட்சியின் தலையிலும் இதைத் தனியாகச் சுமத்த முடியாது.

மக்கள் தாங்களாகவே எழுந்த இயக்கம் என்று அரசு சொன்னது. மாவோயிஸ்டுகள் மீது கோபம் இல்லாமல் இல்லை. அவர்கள் ஊர்த் தலைவர்களை ஓரங்கட்டினார்கள், காட்டிக்கொடுத்ததாகச் சந்தேகம் வந்தவர்களைக் கொன்றார்கள். ஆனால் அந்தக் கோபத்தை அரசு கையில் எடுத்துக்கொண்ட விதம் வேறு. ஊர்வலம் ஒரு ஊருக்குள் வரும். கூடவே போலீஸ் வரும். ஊர் ஜனம் முழுக்கக் கிளம்பி ரோட்டோர முகாமுக்கு வர வேண்டும். வந்தவர்கள் அரசின் பக்கம், வராதவர்கள் மாவோயிஸ்டுகளின் பக்கம். வராத ஊர்களில் வீடுகளும் தானியமும் கொளுத்தப்பட்டன. கொலைகளும் பாலியல் வன்முறைகளும் நடந்ததாக உச்ச நீதிமன்றம் வரை மனுக்கள் போயின. அரசுக் கணக்குப்படியே 644 கிராமங்கள் இதில் பாதிக்கப்பட்டன. தோர்ணாபால், எர்ராபோர், கோண்டா, இஞ்சரம், பைரம்கட் என்று நெடுஞ்சாலை ஓரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட முகாம்கள் முளைத்தன. உச்சத்தில் ஏறத்தாழ 50,000 பேர் அவற்றில் இருந்தார்கள்.

முகாமுக்குப் போனாலும் நிம்மதி இல்லை. 2006 ஜூலையில் எர்ராபோர் முகாமை மாவோயிஸ்டுகள் தாக்கியதில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். முகாமில் இருந்த இளைஞர்கள், பதினெட்டைத் தொட்டும் தொடாமலும் இருந்தவர்கள், மாதம் 1,500 ரூபாய்க்குச் சிறப்புக் காவலர்களாகத் துப்பாக்கி தூக்கினார்கள். தங்கள் சொந்த ஊர்க்காட்டுக்குள் படைக்கு வழிகாட்டிப் போனார்கள். அப்படிப் போன பையன் திரும்ப அந்த ஊரில் எப்படி வாழ முடியும்?

முகாமுக்கும் போக முடியாமல், ஊரிலும் இருக்க முடியாமல் போனவர்கள் தெற்கே நடந்தார்கள். சபரி ஆற்றைக் கடந்தால் அப்போதைய ஆந்திரம். கம்மம், வாரங்கல், கிழக்கு கோதாவரி மாவட்டக் காடுகளில் ஏற்கெனவே மிளகாய் பறிக்க வந்து பழக்கப்பட்ட இடங்கள் இருந்தன, மொழி ஓரளவு ஒத்துப்போகிற கோயா மக்கள் இருந்தார்கள். அங்கே போய்க் குடிசை போட்டார்கள். 2007 டிசம்பரிலேயே தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் குழு தண்டேவாடாவுக்கும் பிஜாப்பூருக்கும் கம்மத்துக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. ஆக, இவர்கள் ஏன் வந்தார்கள் என்பது அரசுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்த விஷயம். ஆந்திரம், தெலங்கானா, ஒடிசா, மகாராஷ்டிரம் என நான்கு மாநிலங்களில் 250-க்கு அருகான குடியிருப்புகளில் ஏறத்தாழ 50,000 பேர் என்பது இவர்களுக்காக வேலை செய்பவர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. அரசு ஒழுங்காக எண்ணிப் பார்க்காததால் அந்தத் தோராயமே புழக்கத்தில் இருக்கிறது.

மக்களை ஊரிலிருந்து பெயர்த்துக் கெரில்லாக்களைத் தனிமைப்படுத்தும் உத்தி பஸ்தரில் பிறந்ததில்லை. 1950 முதல் மலாயாவில் பிரிட்டிஷ்காரர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புற மக்களை, பெரும்பாலும் சீனர்களை, முள்வேலி போட்ட புதுக் கிராமங்களுக்குள் கொண்டுவந்தார்கள். அதே காலத்தில் ரப்பர் தோட்டங்களில் சிதறியிருந்த தமிழ்த் தொழிலாளர் லயங்களும் வேலிக்குள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. நம்மவர்களில் பல குடும்பங்களின் மலாயாக் கதையில் அந்த வேலியும் ரேஷன் அரிசியும் வரும். காட்டில் வாழ்ந்த ஒராங் அஸ்லி மக்களை அப்படிச் சமவெளிக்குக் கொண்டுவந்தபோது முகாம்களிலேயே ஏராளமானவர்கள் இறந்துபோனார்கள், அதற்குப் பிறகுதான் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள்.

சுதந்திர இந்தியா அதே பாடத்தை மிசோ மலைகளில் செய்து பார்த்தது. 1966 மார்ச்சில் கிளர்ச்சி வெடித்தது, ஐஸால் நகரத்தின் மீது விமானப்படை குண்டு வீசியது. 1967 ஜனவரியில் கிராமங்களைத் தொகுக்கும் வேலை தொடங்கி, சில வருடங்களில் மிசோ மலை மக்களில் பெரும்பாலோர் தங்கள் ஊரிலிருந்து பெயர்க்கப்பட்டிருந்தார்கள். 500-க்கும் மேற்பட்ட கிராமங்கள் காலியாக்கப்பட்டு, சுமார் 110 மையங்களில் அடைக்கப்பட்டன. கிளம்பின பிறகு பழைய வீடுகளைக் கொளுத்தினார்கள். தாங்களே பாதுகாப்புக் கேட்டு வந்ததாக ஊர்ப் பெரியவர்களிடம் கையெழுத்து வாங்கிய கதையும் பதிவாகியிருக்கிறது. மலைச்சரிவில் பயிர் செய்து தன் சாப்பாட்டைத் தானே விளைவித்த சமூகம், அடையாளச் சீட்டும் ஊரடங்கும் ரேஷனுமாக மாறியது. மிசோக்கள் அந்தக் காலத்தைக் குவாகோம் என்று சொல்கிறார்கள். அங்கே 1986-இல் சமாதான ஒப்பந்தம் வந்தது, தனி மாநிலம் வந்தது. பஸ்தர் மக்களுக்கு அப்படி மேசையின் எதிரே உட்கார்ந்து பேச ஒருவரும் இருந்ததில்லை.

நீதிமன்றம் இருந்தது. சமூகவியலாளர் நந்தினி சுந்தர், வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா, முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி இ.ஏ.எஸ். சர்மா ஆகியோர் சல்வா ஜுடுமை எதிர்த்து 2007-இல் உச்ச நீதிமன்றம் போனார்கள். அதே பகுதியைச் சேர்ந்த பழங்குடித் தலைவர் கர்தம் ஜோகாவும் மற்றவர்களோடு சேர்ந்து ஒரு மனுப் போட்டார். 2010-இல் அவரே கைதாகி, இரண்டு வருடத்துக்கும் மேல் சிறையில் இருந்து, 2013-இல் விடுதலையானார். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2011 மார்ச்சில் தாட்மெட்லா, மோர்பள்ளி, திம்மாபுரம் ஆகிய மூன்று ஊர்களில் ஏறத்தாழ 250 வீடுகள் எரிக்கப்பட்டன.

2011 ஜூலை 5-இல் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் பி. சுதர்சன் ரெட்டியும் எஸ்.எஸ். நிஜ்ஜாரும், பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவலர்களாக்கிப் போர்முனைக்கு அனுப்புவது அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று சொல்லி, ஆயுதங்களைத் திரும்ப வாங்க உத்தரவிட்டார்கள். மிக முக்கியமான தீர்ப்பு. சில மாதத்தில் சத்தீஸ்கர் அரசு ஒரு புதுச் சட்டம் போட்டு அதே இளைஞர்களைத் துணை ஆயுதப்படையில் சேர்த்துக்கொண்டது. அது நீதிமன்ற அவமதிப்பு என்று தொடர்ந்த மனுவை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. சட்டமன்றம் சட்டம் இயற்றுவது அவமதிப்பு ஆகாது என்றது. கூடவே, வன்முறை எந்தப் பக்கமிருந்து வந்திருந்தாலும், பாதிக்கப்பட்ட மக்களுக்கு அமைதியும் மறுவாழ்வும் கிடைக்கச் செய்வது மாநில, மத்திய அரசுகளின் கடமை என்றும் சொன்னது. அந்தக் கடைசி வரி பற்றி யாரும் பேசவில்லை.

அதே வருடம் ஆகஸ்டில் பேச ஒரு வாய்ப்பு வந்தது. துணை ஜனாதிபதி தேர்தலில் நம் ஊர் சி.பி. ராதாகிருஷ்ணனை எதிர்த்து நின்றவர் அதே சுதர்சன் ரெட்டிதான். அந்தத் தீர்ப்பு வந்திருக்காவிட்டால் நக்சல் பிரச்சினை 2020-க்குள் முடிந்திருக்கும் என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா சொன்னார். ஓய்வுபெற்ற நீதிபதிகள் மறுப்பு எழுதினார்கள். தமிழ்த் தொலைக்காட்சிகளில்கூட அது விவாதமானது. நான் உட்கார்ந்து பார்த்தேன். நீதிபதி செய்தது சரியா, அமைச்சர் சொன்னது சரியா என்று ஒரு மணிநேரம் பேசினார்கள். அந்தக் கொள்கையால் வீடு எரிந்து ஆற்றைத் தாண்டிப் போனவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

எங்கே இருக்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன். காப்புக்காட்டில் மரம் வெட்டி, போடு என்று அங்கே அழைக்கப்படும் காட்டுச் சாகுபடி செய்கிறார்கள். சோளம், கொஞ்சம் நெல், கேழ்வரகு. வனத்துறைக்கு அது ஆக்கிரமிப்பு. வனத்துறை அகழி வெட்டும், பயிர் நின்ற இடத்தில் கன்று நடும், சில இடங்களில் குடிசைகளைப் பிரித்துப்போடும். 2017 செப்டம்பரில் தாட்வாய் மண்டலத்தின் ஜலகலஞ்சாவில் குடியிருப்பையே இடித்தார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டு நிறுத்த வேண்டியிருந்தது.

இந்த மோதலின் மறுபக்கத்தையும் மறைக்க மாட்டேன். 2022 நவம்பரில் சந்துருகொண்டா மண்டலத்தில் வனச்சரக அலுவலர் ஒருவரைக் குத்தி கோயா ஆட்கள் வெட்டிக் கொன்றார்கள். தன் வேலையைச் செய்யப் போன மனிதர் அவர். குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டார்கள், அதுவே முறை. ஆனால் அதன் பிறகு பெண்டலபாடு ஊராட்சி, குத்தி கோயாக்கள் எல்லோரையும் சத்தீஸ்கருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இரண்டு பேர் செய்த கொலைக்காக ஒரு சமூகத்தையே நாடுகடத்துவது போன்றது இது. இந்தியக் குடிமகனை மாநிலத்தை விட்டு அனுப்ப எந்த ஊராட்சிக்கும் அதிகாரம் கிடையாது.

உள்ளூர்க் கோயா மக்களின் எரிச்சலையும் நான் கேட்டிருக்கிறேன். எங்கள் பட்டாவே வரவில்லை, காடு சுருங்கிக்கொண்டே போகிறது, இவர்கள் வந்து குறைந்த கூலிக்கு வேலை செய்கிறார்கள் என்பார்கள். பொய்யில்லை. இரண்டு மாநில அரசுகளும் மத்திய அரசும் தங்கள் பொறுப்பைச் செய்யாமல் விட்டதன் சுமை, ஒரு ஏழைப் பழங்குடியிடமிருந்து இன்னொரு ஏழைப் பழங்குடிக்குப் போயிருக்கிறது.

2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, முலுகு பக்கத்து மிளகாய்க் காட்டில் வேலை செய்த 12 வயதுப் பெண் பிள்ளை ஒன்று பிஜாப்பூரில் இருந்த தன் வீட்டுக்கு மூன்று நாள் காட்டு வழியாக நடந்து, வீட்டை நெருங்கும் சமயத்தில் இறந்துபோனது. செய்தியாக ஓரிரு நாள் ஓடியது. அந்த வருடம் நாங்கள் அனுப்பிய வத்தல் சிப்பங்களில் அந்தப் பிள்ளை பறித்ததும் இருந்திருக்கலாம். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இதை நான் கொஞ்சம் விடாப்பிடியாகப் படித்தேன். வியாபாரத்தில் ஒப்பந்தத்தைப் படிக்கிற பழக்கம் உதவியது.

2006-ஆம் வருட வன உரிமைச் சட்டத்தில் 3(1)(எம்) என்று ஒரு பிரிவு இருக்கிறது. வனநிலத்திலிருந்து சட்டவிரோதமாக வெளியேற்றப்பட்ட, மறுவாழ்வு கிடைக்காத பழங்குடிகளுக்கு, மாற்று நிலம் உட்பட மறுவாழ்வு பெறும் உரிமையை அது கொடுக்கிறது. படித்தவுடன் இவர்களுக்காகவே எழுதியது போல இருக்கும். ஆனால் வெளியேற்றம் 2005 டிசம்பர் 13-க்கு முன் நடந்திருக்க வேண்டும். சல்வா ஜுடும் தொடங்கியது 2005 ஜூனில். முதல் ஆறு மாதத்தில் ஓடியவர்கள் உரிமைக்குள் வருவார்கள், 2006-இலும் 2007-இலும் ஓடியவர்கள் வர மாட்டார்கள். வெளியேற்றமோ அந்தத் தேதியோடு நின்றுவிடாமல் வருடக்கணக்கில் தொடர்ந்தது. தேதிக்கு முன்னால் ஓடியவர்தான் என்று நிரூபிக்க அவரிடம் என்ன காகிதம் இருக்கும்? வீட்டோடு எரிந்துபோயிருக்கும்.

அதே தேதி தெலங்கானாவில் இன்னொரு விதமாகக் கழுத்தைப் பிடிக்கிறது. காட்டுநிலத்துக்குப் பட்டா வேண்டுமென்றால் 2005 டிசம்பர் 13-க்கு முன்பே அந்த நிலத்தில் இருந்திருக்க வேண்டும். இவர்களில் பெரும்பாலோர் வந்தது அதற்குப் பிறகு. 2023-இல் தெலங்கானா அரசு சுமார் நான்கு லட்சம் ஏக்கர் போடு நிலத்துக்குப் பட்டா கொடுத்தபோது இவர்கள் வெளியே நின்றார்கள். ஆக, சொந்த ஊரில் உரிமை கேட்டால் தாமதமாக ஓடியவர், வந்த ஊரில் உரிமை கேட்டால் தாமதமாக வந்தவர்.

சாதிச் சான்றிதழும் இப்படித்தான். பழங்குடிப் பட்டியல் மாநிலவாரியானது. ஒரு மாநிலத்தில் பழங்குடி என்பதால் இன்னொரு மாநிலத்தில் அந்தத் தகுதி தானாக வராது. கல்வி உதவி, விடுதி, இடஒதுக்கீடு என்று எதற்குப் போனாலும் சான்றிதழ் கேட்கிறார்கள். அதைவிட மோசமான ஒன்று பலருக்குத் தெரியாது. கோதாவரிக் காட்டுப்பகுதி, அரசியல் சாசனத்தின் ஐந்தாம் அட்டவணைப்படி பழங்குடிகளுக்குத் தனிப் பாதுகாப்பு உள்ள பகுதி. பழங்குடிகளின் நிலத்தைக் காப்பாற்ற 1970-இல் திருத்தப்பட்ட ஆந்திர நிலமாற்று ஒழுங்குமுறைப்படி, பழங்குடி அல்லாதவர் அங்கே நிலம் வாங்க முடியாது. மிக நல்ல சட்டம், அது இல்லாவிட்டால் அங்கே பழங்குடி கையில் ஒரு குழி நிலம் மிஞ்சியிருக்காது. ஆனால் சான்றிதழ் இல்லாத முரியா, காகிதத்தில் பழங்குடி அல்லாதவர் ஆகிவிடுகிறார். கூலியில் மிச்சம் பிடித்துக் காணி நிலம் வாங்க நினைத்தால்கூட, அவரைக் காக்க வேண்டிய சட்டமே அவரைத் தடுக்கிறது.

அணைக்காகவோ சுரங்கத்துக்காகவோ நிலம் எடுத்தால் 2013-ஆம் வருட நிலமெடுப்புச் சட்டம் இருக்கிறது, மறுவாழ்வு பேச முடியும். அரசின் போர்முறையால் ஊர் காலியானால் பேச இந்தியாவில் ஒரு தேசியச் சட்டமே கிடையாது. உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் பற்றி ஐக்கிய நாடுகள் சபை 1998-இல் வகுத்த வழிகாட்டு நெறிகள், சொந்த ஊர் திரும்புவதா, வேறிடத்தில் குடியேறுவதா என்பதை அந்த மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்கின்றன. பழங்குடிகளை இடம்பெயர்ப்பதில் அரசுக்குத் தனிக் கடமை உண்டு என்றும் சொல்கின்றன. அவை அரசைக் கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல.

இதெல்லாம் தீர்க்க முடியாத சிக்கல் என்று யாராவது சொன்னால் நான் திரிபுராவைக் காட்டுவேன். 1997-இல் மிசோரத்தில் நடந்த இனமோதலில் புரூ பழங்குடிகள் பல்லாயிரம் பேர் திரிபுராவுக்கு ஓடிவந்தார்கள். கஞ்சன்பூர் பகுதி முகாம்களில் இருபது வருடத்துக்கு மேல் கிடந்தார்கள். திரும்ப அனுப்பப் பலமுறை முயன்றும், பெரும்பாலோர் பயத்தில் போகவில்லை. கடைசியில் 2020 ஜனவரி 16-இல் மத்திய அரசு, இரண்டு மாநில அரசுகள், புரூ பிரதிநிதிகள் என நால்வரும் கையெழுத்திட்டு, சுமார் 34,000 பேரைத் திரிபுராவிலேயே குடியமர்த்த ஒத்துக்கொண்டார்கள். ஒதுக்கீடு 600 கோடி ரூபாய். குடும்பத்துக்கு 1,200 சதுர அடி மனை, வீடு கட்ட ஒன்றரை லட்சம், நான்கு லட்சம் வைப்புத்தொகை, இரண்டு வருடத்துக்கு மாதம் 5,000 ரூபாயும் இலவச ரேஷனும், வாக்காளர் பட்டியலில் பெயர். நிலம் ஒதுக்குவதில் அங்கேயும் சண்டை வந்தது, உள்ளூர்க்காரர்கள் எதிர்த்துப் போராடினார்கள். ஆனாலும் வேலை நடந்தது. புரூ மக்களுக்கு ஒரு வசதி இருந்தது. திரிபுராவின் பழங்குடிப் பட்டியலில் அவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். முரியாக்களுக்கு அதையும் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கும். இதே மாதிரி ஓர் ஏற்பாடு வேண்டும் என்றுதான் இந்த மக்களுக்காகப் பேசுபவர்கள் பல வருடமாகக் கேட்கிறார்கள். முதலில் ஆளை எண்ணுங்கள் என்று தேசியப் பழங்குடியினர் ஆணையமும் 2019-இல் சம்பந்தப்பட்ட மாநிலங்களிடம் சொன்னது.

எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவதுதான் தீர்வு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2019-இல் சுக்மா மாவட்டத்தின் மராய்குடாவுக்குச் சில குடும்பங்கள் திரும்பின, அவர்களாக முடிவெடுத்து. அது நல்லது. ஆனால் தெலங்கானாவில் பிறந்து, தெலுங்குப் பள்ளியில் படித்து, இன்று பதினெட்டு வயதில் நிற்கும் பெண்ணுக்கு அப்பாவின் ஊர் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. நான் பேசிய பெரியவர் மரங்களைப் பார்க்க ஆசைப்பட்டார். அங்கே போய் வாழ்வதைப் பற்றிக் கேட்டபோது, பக்கத்து ஊரில் சிறப்புக் காவலராக இருந்தவர்களும் இருக்கிறார்கள், காட்டில் மாவோயிஸ்டுகளோடு இருந்தவர்களின் உறவினர்களும் இருக்கிறார்கள் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். திரும்புகிறவருக்கு அங்கே நிலம் வேண்டும், இருக்கிறவருக்கு இங்கே நிலம் வேண்டும். இரண்டையும் கொடுக்கிற கடமை, அவர்களைக் கிளப்பிவிட்ட கொள்கைக்குப் பணம் கொடுத்த அரசுகளுக்கு உண்டு.

இப்போது இதைச் செய்ய வேண்டிய அவசரமும் கூடியிருக்கிறது. 2026 மார்ச் 31-க்குள் மாவோயிசத்தை ஒழிப்பது என்று மத்திய அரசு கெடு வைத்தது. மாவோயிஸ்டுத் தலைமை சிதைந்துவிட்டது. பொதுச் செயலாளர் நம்பாலா கேசவ ராவ் 2025 மே மாதம் கொல்லப்பட்டார். சரணடைகிறவர்களுக்கு ரொக்கமும் வீடும் தொழில் பயிற்சியும் தரும் கொள்கை இருக்கிறது. இருக்கட்டும், ஆயுதத்தைக் கீழே வைக்கிறவருக்கு வாழ வழி வேண்டும். ஆனால் ஆயுதமே எடுக்காமல், இரண்டு துப்பாக்கிக்கும் பயந்து ஓடியவருக்கு அந்தக் கொள்கையில் இடமில்லை. காட்டுக்குள் ரோடு போகிறது, புதுப் புது படை முகாம்கள் வருகின்றன, பைலாடிலா மலைகளின் இரும்புத்தாதுவுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. காலியாகக் கிடந்த ஊர்களின் நிலம் யார் பெயரில் போகும் என்ற கேள்வி இனி நிஜமான கேள்வி. நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆக்கிரமிப்பாளராக இருக்கும்போது, இந்தப் பக்கம் கிராம சபையில் அவருக்காகக் கை தூக்க ஆள் இருக்காது.

ஆகவே எண்ணிக்கையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், கடைசியாக வசித்த ஊரை விட்டு வந்ததற்குக் காரணம் கேட்டார்கள். வேலை, தொழில், படிப்பு, கல்யாணம், பிறந்த பின் வந்தது, குடும்பத்தோடு வந்தது, பிற என்று ஏழு விடைகள். ஊர்வலம் வந்து வீட்டைக் கொளுத்தியதால் வந்தவர் எதில் சேருவார்? 'பிற' என்பதில் சேர்ந்திருப்பார், இல்லையென்றால் மிளகாய் பறிப்பதைப் பார்த்துவிட்டு 'வேலை' என்று எழுதியிருப்பார்கள். அடுத்த கணக்கெடுப்பின் குறிப்புத் தேதி 2027 மார்ச் 1, மிளகாய்ப் பறிப்பு மும்முரமாக இருக்கும் நேரம். வீட்டில் பகலில் ஆள் இருக்காது. கணக்கெடுப்பவர்கள் சாயங்காலம் போக வேண்டும், கோயா மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், காப்புக்காட்டுக்குள் இருக்கும் குடியிருப்புகளை வரைபடத்தில் முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும். எந்த ஊரிலிருந்து, எந்த வருடம், எதனால் வந்தார்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுத வேண்டும்.